பிள்ளைகளுக்கு வானம் காட்ட மலையகத்தில் எந்த மாதம், எந்தப் பக்கம்? (பண்டாரவளை, பத்து இரவுகள்)

அறுமீன்

வணக்கம். ஏப்ரல் லீவுக்கு எங்கள் குடும்பம் ஒவ்வொரு வருடமும் நுவரெலியா போவது வழக்கம். சின்னம்மா, மாமா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்தால் ஒன்பது பேர். கடைக்குட்டிக்கு 9 வயது, மூத்தவனுக்கு 16. இந்த ஏப்ரலில் அவர்களுக்கு நட்சத்திரம் காட்டுவதாக வாக்குக் கொடுத்துக் கூட்டிப் போனேன். நான்கு இரவும் ஏமாற்றம்தான். பின்னேரம் மூன்று மணிக்கு இடி மழை, ஆறு மணிக்குப் பனிப்புகார், எட்டு மணிக்குச் சீசன் விளக்குகள். மூன்றாம் நாள் இரவு கொஞ்சம் மேகம் விலகியது. அதற்குள் நிலா ஏறிவிட்டது. கடைக்குட்டி கம்பளியைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்று, "இவ்வளவுதானா பெரியம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது.

இப்போது பண்டாரவளைப் பக்கம் அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் தன் பழைய வீட்டைப் பத்து நாளைக்குத் தர இருக்கிறார். ஜூலையா, ஓகஸ்டா, அல்லது அடுத்த வருடமா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பவை நிக்கோன் டி5300, அதோடு வந்த 18–55 லென்ஸ், ஒரு மெல்லிய ட்ரைபொட், அப்பாவின் 10×50 பைனாகுலர். எப்போது போகலாம்? தொலைநோக்கி வாங்க வேண்டுமா? பால்வீதிக்குக் கீழே ஒன்பது பிள்ளைகளும் நிற்கிற மாதிரி ஒரு படமாவது எடுக்க ஆசை.

பனிப்புகார்

நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எங்கள் ஊருக்காகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் வந்த மாதம்தான் பிழை. ஏப்ரல் என்பது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில் ஏறும், மத்தியானத்துக்குப் பிறகு மேகம் திரண்டு இடி மழை கொட்டும். சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருவதும் அந்த மாதத்தின் முதல் பாதியில்தான். நிலம் அப்படிச் சூடேறினால் பின்னேரம் மழை வராமல் என்ன செய்யும்?

எங்கள் ஊர் வானத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வாருங்கள். காற்று அசையாது, புல்லில் உறைபனி விழும் இரவுகளும் உண்டு. 1,868 மீற்றர் உயரம் என்பதால் கீழே நாட்டுப்புறத்தில் இருக்கும் தூசியும் ஈரமும் பெரும்பாலும் நம் காலுக்குக் கீழே போய்விடும். கிரெகரி வாவிப் பக்கம் மட்டும் நிற்காதீர்கள். குளிர்ந்த காற்றும் பனிப்புகாரும் பள்ளத்தில்தான் தேங்கும். 100 மீற்றர் மேலே ஏறினாலே வேறு வானம்.

ஊவாக்காற்று

அறுமீன் டீச்சர் (டீச்சர்தானே? எழுதுகிற விதம் அப்படி இருக்கிறது), நான் பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலைப் பிள்ளைகளோடு பல வருடமாக இந்த வேலையைச் செய்து வருவதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தை ஒரே இடமாக நினைப்பதுதான் எல்லோரும் விடும் தவறு. நடுவில் ஒரு பெரிய மதில் நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து அந்த மதிலின் மேற்குப் பக்கம் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து அங்கேயே மழையாகக் கொட்டிவிடும். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான். மதிலைத் தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று ஈரம் இழந்து, இறங்க இறங்கச் சூடாகி, மேகத்தைக் கரைத்துவிடும். இன்னும் கீழே மட்டக்களப்புக்குப் போகும்போது அதற்குக் கச்சான் என்று பெயர்.

அதனால் நுவரெலியாவிலும் அட்டனிலும் குடை விரிக்கும் ஜூலையில் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விவசாயி மழைக்கு ஏங்குவார். நமக்கு வேண்டியது அந்த வறண்ட வானம். ஜூலை, ஓகஸ்டில் பால்வீதியின் நடுப்பகுதி முன்னிரவிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். ஜூலை நடுவில் இரவு பத்தேகாலுக்கும், ஓகஸ்ட் நடுவில் எட்டேகாலுக்கும் அது நேர் தெற்கில் இருக்கும். ஏப்ரலில் அதே பகுதி கிழக்கில் எழவே பத்தரை ஆகும், பார்க்கும்படி உயர நள்ளிரவு தாண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையை அதுவரை விழித்திருக்க வைக்க முடியுமா?

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "ஊவா" என்றதும் பலர் அப்புத்தளைக்குப் போய் நிற்பார்கள். அப்புத்தளை மதிலின் மேலேயே இருக்கிறது. ஜூலையில் மேகம் அந்த இடைவெளியால் ஆறு மாதிரிப் பாயும், ஆளைத் தள்ளும் காற்று. அங்கிருந்து சில கிலோமீற்றர் உள்ளே வந்தால் அதே மேகம் கண் முன்னால் கரைவதைப் பார்க்கலாம். தியத்தலாவையைத் தாண்டி வெலிமடைப் பாதையில் இருக்கும் பத்தனைப் புல்வெளிகள் எனக்குப் பிடித்தவை. தியத்தலாவையில் இராணுவப் பயிற்சிப் பகுதி இருப்பதால் எங்கே நிற்கிறோம் என்பதைப் பகலிலேயே பார்த்து, ஊர்க்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பச்சை லேசர் விளக்கு அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, நிலா. நம் நாட்டில் லீவு என்றால் போயா. போயா என்றால் பூரணை. நீண்ட வார இறுதி கிடைத்ததும் எல்லோரும் கோச்சி பிடித்து மலைக்கு வருகிறார்கள், நிலவு வெள்ளமாய் இருக்கும் அன்றைக்கே. ஏப்ரலில் உங்களுக்கு நேர்ந்ததும் அதுவாக இருக்கலாம். நட்சத்திரத்துக்குப் போகிறவர் நாட்காட்டியில் போயாவைப் பார்க்கக் கூடாது, அமாவாசையைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ஆடி அமாவாசையை நடுவில் வைத்து, முன்னால் ஐந்து இரவு, பின்னால் நான்கு இரவு என்று உங்கள் பத்து நாளைப் போடுங்கள். வறண்ட காற்று, நிலா இல்லாத வானம், பிள்ளைகள் தூங்கும் முன்னே உச்சிக்கு வரும் பால்வீதி. இந்த மூன்றும் ஊவாவில் ஒன்றாகச் சேர்வது அந்த நாட்களில்தான்.

கீரிமலையான்

ஊவாக்காற்று சேர் சொன்னது கணக்காகச் சரி. ஆனால் ஒரு பெரியவனாக எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஆடி அமாவாசை என்றால் எங்கள் பக்கம் பிதிர்களுக்கான நாள். விடியற்காலையில் கீரிமலைக் கேணியில் நீராடி, தர்ப்பணம் கொடுத்து, விரதச் சாப்பாடு. அன்றிரவு சின்னப் பிள்ளைகளை வெட்டவெளியில் நிறுத்துவதை என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். பாட்டிமார் மனம் நோகாமல் செய்ய வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஊவாக்காற்று

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். வழியும் இருக்கிறது. அமாவாசைக்கு மூன்றாம் நாள் வளர்பிறை இரவு ஒன்பது மணியளவில் மறைந்துவிடும். முன்னால் உள்ள நாட்களில் தேய்பிறை விடியப்புறம்தான் எழும். அமாவாசை அன்று வீட்டில் விளக்கேற்றி இருந்துவிட்டு, மற்ற ஒன்பது இரவையும் எடுத்துக்கொள்ளலாம். வானத்துக்கு எந்தக் குறையும் வராது.

அட்டன் கமரா

கமராக் கேள்விக்கு நான் வருகிறேன். உங்கள் 18–55 போதும் அக்கா. வேறு லென்ஸ் வாங்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

18 மில்லிமீற்றரில் வையுங்கள், அந்த இடத்தில் லென்ஸின் வாய் எஃப் 3.5 வரை திறக்கும். ஐஎஸ்ஓ (கமரா ஒளியை உணரும் அளவு) 3200. நேரம் 15 விநாடி. ஏன் 15 என்றால், பூமி சுழல்வதால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் மில்லிமீற்றர் எண்ணால் வகுத்தால் எத்தனை விநாடி தாங்கும் என்று தெரியும் என்பது பழைய கணக்கு. உங்கள் கமராவின் சென்சர் சிறியது, அதனால் 18ஐ ஒன்றரையால் பெருக்கி 27 என்று எடுக்க வேண்டும். 500ஐ 27ஆல் வகுத்தால் பதினெட்டரை வருகிறது. கொஞ்சம் குறைத்து 15 வைத்தால் புள்ளி புள்ளியாகவே இருக்கும். ரோ ஃபைலாகப் பதியுங்கள், ஜேபெக் மட்டும் எடுத்தால் பிறகு திருத்த இடம் இருக்காது.

ஃபோகஸ்தான் எல்லோரும் கெடுத்துக்கொள்ளும் இடம். இருட்டில் ஓட்டோஃபோகஸ் வேலை செய்யாது. மனுவலுக்கு மாற்றி, பின்திரையில் பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஆகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். பிறகு வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் உள்ள அதிர்வு தடுக்கும் விஆர் பொத்தானையும் நிறுத்த வேண்டும். ட்ரைபொட்டில் அது இருந்தால் படம் மங்கும்.

ஊவாவில் ஜூலைக் காற்று ட்ரைபொட்டை ஆட்டும். கால்களை நீட்டாமல் குட்டையாக வைத்து, நடுத்தண்டில் கல் போட்ட பையைத் தொங்கவிடுங்கள். மதில் ஓரமோ தேயிலைச் செடிக்குப் பின்னாலோ நில்லுங்கள். அந்தக் காற்றால் ஒரு நன்மையும் உண்டு: லென்ஸில் பனி படியாது. பெப்ரவரி நுவரெலியாவில் காற்றே இல்லாத இரவில் 20 நிமிடத்துக்குள் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். அங்கே நான் பழைய காலுறைக்குள் அரிசியைப் போட்டுச் சூடாக்கி லென்ஸைச் சுற்றிக் கட்டுவேன். பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கும். இன்னொன்றை உடம்போடு ஒட்டிய சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பும் முக்கியம். தோட்ட நிலம் என்றால் நிர்வாகத்திடமும் காவல்காரரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்கள் மலையகம் முழுக்க இருக்கின்றன. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டாம் என்கிறார்களோ அந்தப் பக்கம் போகாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளி ஆசை இருந்தால், இரவில் அங்கே தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் முகாம் அனுமதி எடுக்க வேண்டும்.

அறுமீன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆடி அமாவாசையை ஒட்டியே போவதாகத் தீர்மானித்துவிட்டோம். அமாவாசை அன்று வீட்டில்தான் இருப்போம், கீரிமலையான் ஐயா. தொலைநோக்கியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கீரிமலையான்

வாங்க வேண்டாம் பிள்ளை. ஒன்பது பிள்ளைகள் ஒரு துளைக்கு வரிசையில் நின்றால் எட்டுப் பேர் எப்போதும் சும்மா நிற்பார்கள். 10×50 கையில் இருக்கும்போது தேளின் வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் கூட்டங்களையே ஒரு மணித்தியாலம் பார்க்கலாம். முழங்கையை மதிலில் ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்கள், கை நடுங்காது.

பெயர்களை நம் பெயராகவே சொல்லிக்கொடுங்கள். விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக எரிவது கேட்டை. வளைந்த வால் முனை மூலம். மேற்கில் சாய்வது சித்திரை, அதற்கு மேலே செம்மஞ்சளாக இருப்பது சுவாதி. பிள்ளைகளில் யாருக்காவது கேட்டையோ மூலமோ நட்சத்திரமாக இருந்தால், "இதுதான் உன் நட்சத்திரம்" என்று காட்டுங்கள். சாதகக் குறிப்பில் எழுத்தாக மட்டும் இருந்தது மேலே எரிவதைக் கண்டால் அந்தப் பிள்ளை அதை மறக்காது. என் பேத்திக்கு அப்படித்தான் நடந்தது.

தூரதேசம்

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் பதுளை. உங்கள் இழையைப் பொறாமையோடுதான் வாசிக்கிறேன். பால்வீதியின் நடுப்பகுதி இங்கே உச்சத்திலேயே 17 பாகைதான் ஏறும். வீட்டுக் கூரைக்கும் மரத்துக்கும் பின்னால் போய்விடும். ஊவாவில் அது 54 பாகை. தென்சிலுவை இங்கே எழுவதே இல்லை. பதுளையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது வீட்டுக்குப் பின்னால் நின்றது, நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். என் மகளுக்கு இணையத்தில் பால்வீதிப் படங்களைக் காட்டிக் காட்டி ஆசை ஏற்றி, மூன்று மணித்தியாலம் காரோட்டி இருட்டான இடத்துக்குக் கூட்டிப் போனேன். வானம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிறம் எங்கே அப்பா?" என்று கேட்டாள். படத்தில் இருந்த ஊதாவும் இளஞ்சிவப்பும் அவளுக்கு உண்மையாகிவிட்டது, வானம் பொய்யாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் படத்தை முதலில் காட்டாதீர்கள். முதல் இரண்டு இரவு கமராவை வீட்டிலேயே வையுங்கள்.

அட்டன் கமரா

அண்ணா, உங்கள் மகளின் கேள்வி எனக்கும் வலிக்கிறது. ஆனால் நிறம் பொய் இல்லை. மங்கிய ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் கலங்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கமரா 15 விநாடி ஒளியைச் சேர்த்து வைப்பதால் அங்கே உண்மையாகவே இருக்கும் ஐதரசன் வாயுவின் சிவப்பைப் பதிகிறது. படம் எடுத்த பிறகு கண்டபடி ஊதாவை ஏற்றுகிறவர்கள்தான் பிழை. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் கமராவும் ஒரு பாடம்.

தூரதேசம்

விளக்கிச் சொல்லலாம், சரி. ஆனால் வரிசை முக்கியம் தம்பி. முதலில் கண், பிறகு கமரா.

பனிப்புகார்

இதில் நான் தூரதேசம் அண்ணாவோடு. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். கமராவின் பின்திரை ஒருமுறை கண்ணில் பட்டால் திரும்பவும் முதலிலிருந்து. டோர்ச்சின் முகத்தில் சிவப்புச் செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள்.

அறுமீன்

இரண்டு மாதத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன். நடந்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது.

பத்து இரவில் ஆறு இரவு தெளிவு. முதல் நாள் நான் பிடிவாதமாக அப்புத்தளைக்கே போனேன், தெற்கே கடற்கரை வரை திறந்த அடிவானம் அங்கேதான் என்று. ஊவாக்காற்று சேர் எழுதியது அப்படியே நடந்தது. மேகம் பாதையைக் கடந்து ஓடிக்கொண்டே இருந்தது, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஒரு பத்து நிமிடம் நாங்கள் மேகத்துக்கு மேலே வந்துவிட்டோம். கீழே சமவெளி ஊர்களின் விளக்கு எதுவும் தெரியவில்லை, எல்லாவற்றையும் மேகம் மூடிவிட்டது. அந்தப் பத்து நிமிடம் தெற்கு வானம் கறுத்துப் போய், தென்சிலுவை தென்மேற்கில் சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அல்பா சென்டோரி. நாலரை ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தூரம் என்று சொன்னேன். 12 வயதுக்காரி விரல் விட்டு எண்ணி, "அப்ப இந்த வெளிச்சம் கிளம்பும்போது நான் ரெண்டாம் வகுப்பு" என்றாள். உலகத்திலேயே நல்ல கணக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாளிலிருந்து வெலிமடைப் பாதையில் ஒரு பத்தனைச் சரிவுக்குப் போனோம். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் தன் காணியின் மேல்முனையில் நிற்கச் சொன்னார், தேத்தண்ணியும் தந்தார். தூரதேசம் அண்ணா சொன்னபடி முதல் இரண்டு இரவு கமராவைத் தொடவில்லை. பாய் விரித்து எல்லோரும் மல்லாந்து படுத்தோம். முதல் பத்து நிமிடம் ஒரே பேச்சு. கால் மணித்தியாலம் கழித்து பேச்சுத் தானாகக் குறைந்தது. பிறகு கடைக்குட்டி, "பெரியம்மா, அந்த மேகம் மட்டும் ஏன் நகரவே இல்லை?" என்று கேட்டாள். அவள் மேகம் என்று நினைத்தது பால்வீதி. யாரும் காட்டாமல் அவளே கண்டாள். ஏப்ரலில் அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

தனுசு ராசியின் பிரகாசமான எட்டு நட்சத்திரங்களைச் சேர்த்தால் ஒரு தேநீர்க் கேத்தில் வரும் என்று படித்திருந்தேன். அதைக் காட்டியதும் மாமாவின் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "கேத்தில் வாயிலிருந்து ஆவி வருது பாருங்கோ" என்றான். உண்மையாகவே பால்வீதி அந்த வாயிலிருந்துதான் புகைந்து எழுகிறது. தேயிலை மலைக்கு நேர் மேலே! அவர்களின் தாத்தா நாற்பது வருடம் கொழுந்து நிறுத்த மனிதர். அன்றிரவு தொலைபேசியில் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடி.

கேட்டை நட்சத்திரத்தில் பிறந்தவள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இருந்தாள், ஐயா. கேட்டைக்காரியை நல்லதாகச் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்கு மனதில் ஒரு குறை. அந்தச் சிவப்பைக் காட்டி, நம் சூரியனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அகலம் என்றேன். அவள் பைனாகுலரை அன்று யாருக்கும் கொடுக்கவில்லை.

நான்காம் இரவு கமரா. அட்டன் கமரா தம்பி சொன்ன எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோயும், விஆர் பொத்தானை நிறுத்த மறந்தேன். முதல் 40 படமும் லேசாக இரட்டைப் புள்ளி. இரண்டாவது தவறு, ஃபோகஸ் வைத்த பிறகு லென்ஸைச் சூம் செய்தது. 18இல் வைத்த ஃபோகஸ் 24க்குப் போனதும் மாறிவிட்டது. டேப் ஒட்டியது ஃபோகஸ் வளையத்துக்கு மட்டும். சூம் வளையத்துக்கும் ஒட்ட வேண்டும் என்று இதைப் படிக்கும் புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சரிவில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் விளக்கு இரவு முழுக்க எரிந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. படத்தில் பார்த்தால் அந்தச் செம்மஞ்சள் வெளிச்சம்தான் சரிவின் தேயிலை வரிசைகளைக் காட்டிக்கொடுத்திருந்தது. அதை வெட்டாமல் விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் 15 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஒன்பது பேரில் எப்போதும் யாராவது ஒருவர் அசைவார். கடைசியில் எல்லோரையும் முதுகுக்கு முதுகு சாய்ந்து உட்கார வைத்தோம். அப்போதுதான் படம் சரியாக வந்தது. அதே இடத்தில் 16 படம் எடுத்து, சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். மணல் மாதிரி இருந்த புள்ளிகள் நான்கில் ஒன்றாகக் குறைந்தன.

கடைசிக்கு முதல் நாள் விடியப்புறம் நாலரைக்கு மூத்தவனும் நானும் மட்டும் எழுந்தோம். பக்கத்து வீட்டு அம்மா, வேலைக்குப் போன காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர், அடுப்பு மூட்ட எழுந்து வந்தார். நாங்கள் மேலே பார்ப்பதைக் கண்டு, "ஆறாம் மீனையா பாக்குறீங்க?" என்று கேட்டார். கார்த்திகைக் கூட்டம் கிழக்கில் நன்றாக ஏறியிருந்தது. அவருடைய தாய் காலத்தில் லயத்தில் மணிக்கூடு கிடையாதாம். ஆடி மாதத்தில் அது இந்தக் கூரை முகட்டுக்கு வந்தால் அடுப்பில் ரொட்டி போட வேண்டும், அதற்கு மேலே போய்விட்டால் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரம்) பிந்திவிட்டோம் என்று அர்த்தமாம். கூரை முகட்டை விரலால் காட்டினார். நான் எத்தனையோ வருடமாக இந்தப் பெயரைப் புனைபெயராக வைத்திருக்கிறேன். அது ஒருவருக்கு மணிக்கூடாக இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. மூத்தவன் அந்தக் கூரையையும் ஆறாம் மீனையும் ஒரே படத்தில் எடுத்தான். பத்து நாளில் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான், பால்வீதிப் படம் அல்ல.

கீரிமலையான்

பிள்ளை, அந்த அம்மாவின் கதையை யாராவது ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும். அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். இன்னும் எத்தனை நட்சத்திரம் அவருக்குத் தெரியுமோ.

அட்டன் கமரா

விஆர் விடயத்தை நான் எழுதியும் மறந்திருக்கிறீர்கள் என்றால், அதை ஒரு அட்டையில் எழுதி ட்ரைபொட்டில் தொங்கவிடுவதுதான் நல்லது. நானும் இனி அப்படிச் செய்யப் போகிறேன். தொழிற்சாலை விளக்கை வெட்டாமல் விட்டது மிகச் சரி அக்கா.

பனிப்புகார்

ஊவாவுக்கு ஆடி அமாவாசை கிடைத்துவிட்டது. எங்கள் நுவரெலியாவுக்கு ஒரு இரவு கேட்கிறேன்: மகா சிவராத்திரி. யோசித்துப் பாருங்கள். மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி, அதனால் விடியும் முன்னர் வரை நிலா இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் வருவதால் எங்கள் பக்கத்தின் வறண்ட காலம். அரசாங்க லீவு. பிள்ளைகள் முழு இரவும் விழித்திருப்பதற்குப் பாட்டியே சம்மதிப்பார். முதல் சாமப் பூசை முடிந்து வெளியே வந்தால் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் 30 பாகை உயரத்தில், உச்சியில் திருவாதிரை, அதுவும் சிவனுக்குரிய நட்சத்திரம். நள்ளிரவுக்குத் தென்சிலுவை எழுந்து நிற்கும். நாலாம் சாமத்துக்குப் பால்வீதியின் நடுப்பகுதி தென்கிழக்கில் வந்துவிடும்.

ஊவாக்காற்று

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆடியில் தென்சிலுவை மறையப் போகும் நேரத்தில்தான் கிடைக்கிறது, சிவராத்திரியில் முழுதாகக் கிடைக்கும். நான் என் பாடசாலைப் பிள்ளைகள் சிலரோடு வரப் பார்க்கிறேன். கோயில் மின்விளக்குத் தோரணம் எத்தனை மணிக்கு அணையும் என்று மட்டும் யாராவது விசாரியுங்கள்.

பனிப்புகார்

எங்கள் தோட்டத்துக் கோயிலில் அது விடிய விடிய எரியும் சேர். ஆனால் கோயிலுக்குப் பின்னால் பத்து நிமிடம் ஏறினால் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது. அதன் மறுபக்கம் ஒரு வெளிச்சமும் வராது. காவல்காரரிடம் நான் பேசுகிறேன்.

அறுமீன்

நாங்களும் வருகிறோம். ஒன்பது பேருக்கும் கையுறை, தொப்பி, காலுறைக்குள் போட அரிசி எல்லாம் நான் கொண்டு வருகிறேன். அட்டன் கமரா தம்பி, உங்கள் கனமான ட்ரைபொட்டைக் கொண்டு வர முடியுமா?

அட்டன் கமரா

இரண்டு கொண்டு வருகிறேன் அக்கா.